கோல்கீப்பரின் ரத்தம்

போன வாரம் உறவுக்காரப் பிள்ளை ஒருவனைப் பார்க்க பைபாஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆறு லிஃப்ட், ஓடியது இரண்டு. ஒரு நோயாளிக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்குப் பத்து நிமிஷம். என் எட்டு வயதில், கல்கத்தாவின் பவானிபூரில் நாங்கள் குடியிருந்தபோது, டைஃபாய்டு வந்து நான் கிடந்த குழந்தைகள் வார்டில் கட்டில்கள் பதினாறு. பார்க்க வருகிறவர்கள் குறைந்தது ஐம்பது பேர். யாரும் யாரையும் விரட்டியதில்லை. அந்தக் கூட்டத்தால்தான் பிழைத்தேன் என்று எனக்கு ஓர் எண்ணம்.

காய்ச்சலின் மூன்றாவது வாரத்தில் குடலில் புண்ணாகி ரத்தம் போயிற்று. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவின் ரத்தமும் சேரவில்லை, அம்மாவின் ரத்தமும் சேரவில்லை. எங்கள் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, தெருமுனைக் கிளப்பில் தன்னோடு பந்தாடும் வங்காளிப் பையன்கள் ஏழு பேரைத் திரட்டி வந்தார். ஏழு பேரில் ஒருவனுடையதுதான் பொருந்தியது. அவன் கோல்கீப்பர்.

பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மாமா காதருகே குனிந்தார்.

"டேய், இது லேசுப்பட்ட ரத்தமில்லை. ரெண்டு வேளையும் மீன் சாப்பிடறவனோடது. நாளைக்கே நீயும் மீன் கேப்பே, பாரு."

"கொழந்தைகிட்ட என்ன பேச்சுடா இது?" என்று அம்மா அதட்டினாள். கீழ்வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டின் ஏழு ஜன்னல்களையும் சாத்துகிறவள் அவள். நடுக்கோடையானாலும் சாத்துவாள்.

காய்ச்சல் விட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ரசம் சாதம், மோர் சாதம், கஞ்சி, எது வந்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டேன். பசி எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. கையும் காலும் சுள்ளியாகிவிட்டன. பெரிய டாக்டர் அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மருந்து தன் வேலையை முடித்துவிட்டது, இனிப் பையனாக எதையாவது கேட்டுச் சாப்பிட்டால்தான் உண்டு, இல்லாவிட்டால் இந்த உடம்பு தாங்காது என்று அவர் சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது. அன்று நான் பார்த்ததெல்லாம், அப்பா தன் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்ததைத்தான்.

என் கவலை வேறு. கோல்கீப்பரின் ரத்தம் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது? வங்காளியாகிவிட்டேனா என்று தினமும் விழித்ததும் சோதிப்பேன். மனசுக்குள் இருபதுவரை எண்ணிப் பார்ப்பேன். தமிழில்தான் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் என்னைப் போலவே இளைத்துப்போன ஒரு வங்காளிப் பையன். அவன் அம்மாவை நானும் காக்கிமா, அதாவது சித்தி, என்றே கூப்பிட்டேன். மத்தியானம் காக்கிமா தூக்கைத் திறந்தால் சிங்கி மீன் குழம்பு இருக்கும். நோயாளிக்கு ரத்தம் ஊறும் என்று வங்காளிகள் மிளகாய் போடாமல், நீர்க்க வைக்கிற குழம்பு. அதில் சாதத்தைக் குழையப் பிசைந்து மகனுக்கு ஊட்டுவாள். முதல் நாள் அவன் முப்பத்திரண்டு வாய் சாப்பிட்டான். மறுநாள் முப்பத்தைந்து. மூன்றாம் நாள் பார்த்துக்கொண்டே இருந்தபோது என் வாயில் எச்சில் ஊறிற்று. எனக்குத் திடுக்கென்றது. ரத்தம் வேலையைக் காட்டிவிட்டது!

"அம்மா," என்றேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். கோல்கீப்பருக்குத்தான் மீன் வேணுமாம்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று எண்ணும்வரை விழவில்லை. திறந்து பார்த்தால், அம்மா ரசம் சாதக் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள்.

"என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு."

"மீன். கோல்கீப்பருக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "என் காதுல ஒண்ணும் விழலை," என்றார்.

அம்மா பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். பதினோரு வருஷம் கல்கத்தாவில் இருந்தும் கறிகாய் பேரத்தைத் தாண்டாத தன் வங்காளியில், "தீதி, எக்டு மாச் தேபேன்?" என்று கேட்டாள். அக்கா, கொஞ்சம் மீன் தருவீர்களா?

"ஓ மா! தேபோ நா கேனோ?" தராமல் என்ன என்று சொல்லிக்கொண்டே காக்கிமா தூக்கோடு எழுந்து வந்துவிட்டாள். முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சாதத்தோடு மசித்து என் வாயில் வைத்தாள். ருசி ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் இன்னொரு வாய் வேண்டியிருந்தது.

"ஒண்ணு," என்றார் மாமா. "ரெண்டு." மூன்றாவதில் எதிர்க் கட்டில்காரர்கள் வங்காளியில் எண்ணிச் சேர்ந்துகொண்டார்கள். "தீன்! சார்! பாஞ்ச்!" சத்தத்தை அடக்க ஓடிவந்த நர்ஸம்மா, ஆறாவது வாய் உள்ளே போனதும் தானும் "சோய்!" என்றாள். ஒன்பதோடு என் வயிறு நிறைந்துவிட்டது. மாமா கோல் போட்டவரைப்போல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அம்மா காக்கிமாவின் கையை, மீனும் சோறும் ஒட்டியிருந்த அந்தக் கையையே, இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பதறிப்போயிற்று.

"அம்மா, அது மீன் கை! நீ குளிக்கணும்."

"ஆமாண்டா கண்ணா, குளிக்கணும்," என்று சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை.

நான் சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, அந்த உடம்பில் எவ்வளவு குரல் எழும்புமோ அவ்வளவு குரலில் மறுபடியும் சொன்னேன்.