எட்டிப் பார்க்காத தெரு

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் பழைய தெருவில் ஒரு வீட்டுக்கும் திரைச்சீலை இல்லை. நூற்றாண்டுகள் கண்ட வீடுகள். பெரிய கண்ணாடிச் சன்னல்கள். உள்ளே சாப்பாட்டு மேசையும் மனிதர்களும் தெருவுக்கே தெரியும். வந்த புதிதில், எங்கள் ஊரான புளியந்தீவின் பழக்கத்தில், நின்று பார்த்துக் கையசைத்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டி வெளியே வந்து, "யாரையாவது தேடுகிறாயா?" என்று கேட்டார். "இல்லை மெவ்ரௌ, சும்மா பார்த்தேன்" என்றேன். மெவ்ரௌ என்றால் இங்கே அம்மணி; அவரை அப்படித்தான் அழைப்பேன். அவர் முகம் இறுகிவிட்டது. திரை போடாமல் இருப்பது அவர்கள் வழக்கம், பார்க்காமல் போவது மரியாதை என்று பிறகுதான் விளங்கியது. கடல் கடந்து வந்து எங்கள் ஊர்க் கோட்டையைப் பிடித்தவர்களின் வாரிசுகள் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கமாட்டார்களாம். சிரிப்பு வந்தாலும், அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது.

புளியந்தீவில் அம்மா தனியாக இருக்கிறார். எங்கள் வளவுக்கும் றோசி அக்காவின் வளவுக்கும் நடுவில் சரிந்துபோன ஒரு வேலி இருந்தது. விடிந்தால் அதற்கு மேலால் றோசி அக்காவின் தலை தெரியும். "எழும்பிட்டீங்களா மாமி? இண்டைக்கு என்ன கறி?" போன முறை ஊருக்குப் போனபோது அது எனக்குத் தொல்லையாகப் பட்டது. வேலியைப் பிடுங்கி, ஆளுயரத்துக்கும் மேலாக மதில் எழுப்பிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். பாதுகாப்புக்கு என்று எல்லாரிடமும் சொன்னேன். வெளிநாட்டுக் காசில் மதில் கட்டும் என்னைப் போன்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

சென்ற வாரம் காலையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். கூப்பிட்ட குரல் மதிலைத் தாண்டவில்லை. மதியம் மீன் கொண்டுவந்த றோசி அக்கா, கேற் திறக்காததைக் கண்டு ஆட்களைக் கூட்டி உள்ளே போயிருக்கிறார். அதுவரை அம்மா கை முறிந்து வெயிலில் கிடந்திருக்கிறார். வீடியோவில் றோசி அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. "முந்தியெண்டா விடியவே கண்டிருப்பன் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். "மதில உடைச்சிருவமா அம்மா?"

"என்ன கதை கதைக்காய் மனே? றோட்டால போற ஆக்களெல்லாம் உன்ட மதிலப் பாத்து, மகன் தாய நல்லாப் பாக்கான் எண்டு சொல்றாங்க."

போனை வைத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில், திரையில்லாத சன்னலுக்கு முன்னால் இருந்து அழுதேன். மெவ்ரௌ நாயோடு வந்துகொண்டிருந்தார். இன்றைக்கு மட்டுமாவது எட்டிப் பார்க்கமாட்டாரா என்று இருந்தது. அவர் மரியாதையாக நேரே பார்த்தபடி போனார்.