மழைக்கு ஒதுங்கிய தறிக்கூடம்

பொங்கலூரைத் தாண்டியதும் மழை வலுக்கிறது. கூடாரம் அடிக்கலாம் என்று பார்த்துவைத்த சோளக்காடு முழுக்கச் சேறு. சைக்கிள் பயணம் கிளம்பிவந்த நானும் கணவரும் வண்டிகளை உருட்டிக்கொண்டு போய் ஒரு விசைத்தறிக் கூடத்தின் தகரச் சாய்ப்பில் ஒதுங்குகிறோம். கரண்ட் போனதால் தறிகள் நின்றிருக்கின்றன. தறி ஓட்டும் அம்மா ஒருவர் வெளியே வருகிறார்.

"அட, நனைஞ்சுட்டீங்களே! கூடாரத்த இங்கேயே போட்டுக்குங்க. ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க."

நான் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போடுகிறேன். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கொழந்தைங்க எத்தனைங்க?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வி வந்தால் கணவர் எழுந்து போய்விடுவார். எங்கள் மகள் அகிலா காய்ச்சலில் இறந்ததிலிருந்து அவள் பெயரைக்கூட அவர் சொன்னதில்லை. இன்று இந்த மழையில் எழுந்து போக இடமில்லை.

"ஒரே பொண்ணு. அகிலா. தவறிட்டா," என்கிறார் கணவர்.

அந்த அம்மா மெல்லக் கேட்கிறார்: "பாப்பா நல்லாப் பேசுமுங்களா?"

"ரொம்ப. சைக்கிள் கத்துக்கறப்ப சாக்கடையில விழுந்துட்டா. அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பான்னு கெஞ்சினா. தெருக்குழாயில கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

சிரிக்கத் தொடங்கிய கணவர் ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்.

எனக்கு இது தெரியாது. என் மகளைப் பற்றி நான் கேள்விப்படாதது இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. டீ தம்ளரை அவர் கையில் வைக்கிறேன்.

"இன்னும் சொல்லுங்க," என்கிறேன்.