மச்சான் தலையில் ஒன்பது துகள்

ஆற்று மணலில் பொன் அரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது வந்தால் நான் முதலில் அவர் தலையைத்தான் பார்ப்பேன். காரணம் சொல்லாமல் பார்த்ததால் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இனிமேல் வருகிறவர்களுக்காவது உபயோகப்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பெரியபாளையத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, தங்கை, நான். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தவன் என் அத்தை மகன். என்னைவிட ஒரு மாதம் இளையவன். தங்கையை அவனுக்குக் கொடுப்பது என்று பெரியவர்கள் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். அப்பா போன பிறகு அந்தப் பேச்சை முடித்துக் கொடுக்க வேண்டியவன் நான்தான். தையில் கல்யாணம் என்றால் கார்த்திகைக்குள் நான் சம்மதம் சொல்லியாக வேண்டும். தங்கைக்கு அவன்மேல் விருப்பம் என்பது எனக்குத் தெரியும். அவன் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பில் இருப்பது அவளுக்கு மறந்துவிடும். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நான்கு தடவை பால் பொங்கி வழிந்தது.

ஆனாலும் சம்மதம் சொல்வதற்கு முன் ஆளைப் பார்க்க வேண்டும் அல்லவா? சின்ன வயதிலிருந்து பழகியவன் என்பது ஒரு தகுதியா? பழகியவர்கள்தான் நம்மை ஏமாற்ற முடியும். பழகாதவர்களை நாம் கிட்டே சேர்ப்பதே இல்லை.

பொன் அரிக்கிற யோசனை அவனுடையது. எட்டு வயது வரை அவன் கோலார் பக்கம் வளர்ந்தவன். அவன் அப்பா அங்கே ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஓடைகளில் ஆட்கள் தட்டும் கையுமாக உட்கார்ந்து மண் அரிப்பதை அவன் கரையில் நின்று பார்த்திருக்கிறான். பார்த்ததோடு சரி, செய்ததில்லை.

"ஆரணி ஆறும் மலையிலேந்துதானே மச்சான் வருது? மலையிலே கீறது கொஞ்சமாவது ஆத்துலே வந்திருக்காதா?" என்றான். கொல்லுப்பட்டறையில் சொல்லி, விளிம்பு சாய்ந்த ஓர் இரும்புத் தட்டு அடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆடித் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தோம். கோயிலுக்கு மேற்கேதான் அரிக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கிழக்கே அரித்தால் கிடைப்பது ஆற்றுப் பொன்னா, குளித்துவிட்டுப் போன யாரோ ஒரு பெண்ணின் தோட்டுத் தேய்மானமா என்று தெரியாது. அம்மன் சொத்தை எடுத்தோம் என்ற பேச்சும் வரும்.

ஆற்றில் அப்போது ஓடுகிற தண்ணீர் இல்லை. வளைவின் உட்புறமாக மணலைத் தோண்டினால் இடுப்பளவில் ஊற்றுத் தண்ணீர் வரும். அதற்கும் கீழே களிமண்ணின் மேல் படிந்திருக்கும் பொடிக் கற்களைத்தான் எடுக்க வேண்டும். மேல் மணலை அரிப்பது வீண் வேலை. தட்டைத் தண்ணீருக்குள் வைத்துக் குலுக்கினால் கனமானது அடிக்குப் போகும், லேசானது மேலே வரும். மேலே வந்ததைச் சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடி குலுக்க வேண்டும். கடைசியில் ஒரு பிடி கருமணல் மிஞ்சும். அதைக் கொஞ்சம் தண்ணீரோடு மெதுவாகச் சுழற்றினால் பிறை மாதிரி விரியும். பொன் இருந்தால் அந்தப் பிறையின் ஓரத்தில் தெரியும்.

நான்காவது ஞாயிறு தெரிந்தது. ரவையை உடைத்து, அதை மறுபடி உடைத்த அளவுக்கு ஒரு மஞ்சள் துகள். காக்காப்பொன்னாக இருக்கும் என்றேன். அவன் குண்டூசியால் அழுத்திக் காட்டினான். காக்காப்பொன் என்றால் ஏடாக உதிர்ந்திருக்கும். இது உதிரவில்லை, நசுங்கியது. ஒரு மருந்து சீசாவில் தண்ணீர் நிரப்பி அதற்குள் போட்டோம். ரெண்டு பேரும் மாறி மாறி அந்தச் சீசாவை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒருவர் தோண்டுவது, ஒருவர் அரிப்பது என்று முறை வைத்திருந்தோம். அவன் அரிக்கும்போது, பிறை விரிந்ததும் நான் துகள்களை எண்ணிவிடுவேன். அவன் மறுபடி தண்ணீர் விட்டுச் சாய்த்துக் கருமணலைப் பிரித்து ஒதுக்கிவிட்டு, அடியில் நின்ற துகள்களை விரல் நுனியில் ஒற்றிச் சீசாவில் போடுவான். சீசாவில் விழுவதையும் எண்ணுவேன்.

"பதினோரு துகள் இருந்துச்சு மச்சான்," என்றேன் ஒரு நாள்.

"எங்கே இருந்துச்சு?"

"தட்டுலே. நான் எண்ணினேன்."

"சீசாவுலே எத்தினி?"

"ஏழு."

"அப்போ ஏழுதான் இருந்திருக்கும். நீ வாத்தியாரு. பசங்களை எண்ணிக்கினு போறப்போ ஒருத்தனையே ரெண்டு வாட்டி எண்ணுவியே, அந்த மாதிரி எண்ணி இருப்பே."

நான் எந்தப் பையனையும் இரண்டு தடவை எண்ணியதில்லை. அன்றிலிருந்து இன்னும் கவனமாகப் பார்த்தேன். நான் அரித்தால் தட்டில் எண்ணியது அப்படியே சீசாவுக்கு வந்தது. அவன் அரித்தால் குறைந்தது. கையைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், வேட்டி மடிப்பைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகுதான் தலை கண்ணில் பட்டது.

அவனுக்கு நெற்றியில் விழுகிற சுருட்டை முடி. தேங்காய் எண்ணெயைத் தாராளமாக வைப்பான்; சட்டைக் காலரின் பின்பக்கம் எப்போதும் பளபளக்கும். தட்டின் மேல் குனிந்தால் முடி கண்ணை மறைக்கும். வலது கை விரல்களால் அதை மேலே தள்ளுவான். தட்டைத் தொட்ட அதே விரல்கள். ஒரு தட்டு முடிவதற்குள் ஐந்து தடவை, ஆறு தடவை. எண்ணெய் ஒட்டிய சுருட்டை முடியைவிடப் பத்திரமான பெட்டி எது? பொன் விளைகிற ஊரில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"வெயில் பொளக்குது மச்சான், துண்டைத் தலையிலே கட்டிக்கோ," என்றேன் அடுத்த வாரம், அக்கறை உள்ளவன் போல.

கட்டிக்கொண்டான். அன்றைக்கு மூன்று தட்டு அரித்தான். ஒரு துகள்கூடக் குறையவில்லை. அதற்கு அடுத்த வாரம் துண்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பத்து, ஆறாகிவிட்டது. அதற்கும் அடுத்த வாரம் மறுபடி துண்டு, குறையவில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் வேறு என்ன முடிவுக்கு வந்திருக்க முடியும்? பள்ளிக்கூடத்தில் இதில் பாதி சாட்சிக்கே நான் பிரம்பை எடுத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "இந்த சம்பந்தம் வேணாம்மா. அவனுக்குக் கை சரியில்லே."

அம்மா பதறிப்போய் விவரம் கேட்டாள். சொன்னேன். சமையல் அறையிலிருந்து தங்கை கரண்டியோடு வந்து நின்றாள்.

"தலையிலேயா வெச்சிருக்காரு மாமா?"

"பின்னே எங்கே போச்சு? கால் மொளைச்சு நடந்து போச்சா?"

"தலையிலே இருந்தா தலையைக் கழுவினா வந்துடப் போவுது. தீபாவளிக்கு இங்கே வரச் சொல்லு. மொத நாளு ரெண்டு பேரும் ஆத்துக்குப் போய்ட்டு வாங்க. விடிஞ்சா எண்ணெய் தேய்ச்சி அம்மா தலையை அலசட்டும். அந்தத் தண்ணியை நீ அரிச்சுப் பாரு. ஒரு துகள் வந்தாலும் நானே வேணாம்னுடறேன். வரலேன்னா நீ வாயைத் தொறந்து சரின்னு சொல்லணும்."

இது அவள் யோசனை. பிற்பாடு எல்லோரும் என்னைத்தான் சொன்னார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கு மறுநாள் தீபாவளி. ஞாயிறு அரித்ததில், துண்டு கட்டாத தலையோடு அவன் முடித்த மூன்று தட்டுகளிலுமாக இருபத்துமூன்று எண்ணினேன். சீசாவுக்கு வந்தது பதினான்கு. ஒன்பது குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சீப்பை எடுத்து ஒளித்து வைத்தேன்.

விடியும் நேரத்தில் அம்மா எங்கள் இருவர் தலையிலும் எண்ணெய் வைத்தாள். அவனை முற்றத்தில் பலகை மேல் உட்காரவைத்து, அகலமான பித்தளைப் பாத்திரத்தின் மேல் தலையைக் குனியச் சொல்லி, சீயக்காய் போட்டு அலசினாள்.

"இன்னா அத்தை, உடம்புக்கு ஊத்தாமே தலையை மட்டும் அலசறீங்க? சந்தைக்கு ஓட்டப்போற ஆட்டைக் கழுவற மாதிரி கீதே!" என்று சிரித்தான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் தண்ணீரையும் அதே பாத்திரத்தில் பிடித்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஒரு சொட்டும் சிந்தாமல் அந்தப் பாத்திரத்தை நான் ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரும்புத் தட்டு இருந்தது. அவன் தட்டைப் பார்த்தான், பாத்திரத்தைப் பார்த்தான்.

"அந்தத் தண்ணி எதுக்கு மச்சான்?"

நான் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

"நான்தான் மாமா அலசச் சொன்னேன்," என்றாள் தங்கை வாசற்படியிலிருந்து. "நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு காட்டறதுக்குத்தான்."

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. "எங்கப்பாவை தெனம் சொரங்க வாசல்லே நிறுத்தி வெச்சி, தலைமுடியைத் தடவிப் பார்த்துட்டுதான் ஊட்டுக்கு வுட்டாங்க. அது பொறுக்காமத்தான் அந்த ஊரே வேணாம்னு வந்தோம்," என்று என்னிடம் சொன்னான். ஈரத்தோடு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். மஞ்சள் தடவி வைத்திருந்த புது வேட்டி பலகை மேல் கிடந்தது.

அம்மா அழ ஆரம்பித்தாள். நான் தண்ணீரை அரித்தேன். சீயக்காய்த் திப்பியைத் தவிர ஒன்றும் வரவில்லை. நுரைத் தண்ணீரில் எனக்குத்தான் சரியாக அரிக்க வரவில்லையோ என்று தோன்றியது. அதைச் சோதிக்க, தட்டில் கொஞ்சம் கருமணலும் நல்ல தண்ணீரும் வைத்து, சீசாவிலிருந்து ஒன்பது துகள்களை எண்ணிப் போட்டேன். அவை திரும்பி வந்தால் என் அரிப்பு சரி. என் தலையில் அம்மா வைத்த எண்ணெய் அப்படியே இருந்தது. அது வழிந்து கண்ணில் இறங்கியது. கையால் துடைத்துவிட்டுத் தட்டைச் சுழற்றினேன்.

"அண்ணா, மெதக்குது பாரு!" என்றாள் தங்கை.

குனிந்து பார்த்தேன். விரலைச் சுற்றித் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் விரிந்திருந்தது. அதன் மேல் பூவின் மகரந்தம்போல மஞ்சள் புள்ளிகள். தட்டைச் சாய்த்ததும் படலத்தோடு சேர்ந்து விளிம்பைத் தாண்டி வழிந்துபோயின. அடியில் நின்றவை நான்கு.

"அஞ்சு கொறையுது. இப்போ உன் தலையிலேயா வெச்சிக்கினே?" என்று கேட்டாள். பிறகு என் கைகளையும் தட்டையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மிஞ்சிய நான்கை வைத்து மறுபடி சுழற்றச் சொன்னாள். நான்கும் அடியிலேயே இருந்தன.

எனக்குக் கோபம் வந்தது. பொன் இவ்வளவு கனமான பொருள், அது மிதக்கும் என்று யார் நினைப்பார்கள்?

"கெளம்பு," என்றாள்.

"நாஷ்டா ஆவட்டும்."

"அவரு துன்னாமே போனாரு. நீயும் துன்னாமே போ."

கவரைப்பேட்டையில் பஸ் மாறி நான் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர உச்சிவேளை ஆகிவிட்டது. அவன் போட்டிருந்த லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பார்சல் ஆபீசில் மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா பார்சல்?" என்றான், முன்பின் தெரியாத ஆளைக் கேட்பதுபோல.

"ஒரு சொம்பு தண்ணி வேணும்," என்றேன். மேஜை மேல் தட்டை வைத்தேன். கருமணலும் துகள்களும் போட்டு, என் எண்ணெய்த் தலையைத் தொட்டுவிட்டுத் தண்ணீரில் விரலை வைத்துச் சுழற்றினேன். பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவன், மெல்ல எழுந்து வந்து குனிந்தான். பார்சல் சீட்டின் ஓரத்தால் ஒரு மஞ்சள் புள்ளியைத் தள்ளிப் பார்த்தான். அது தண்ணீர் மேல் நகர்ந்தது.

"அப்போ ரெண்டு மாசமா நான் தொட்டதெல்லாம் எண்ணெயோட ஊத்துலே போச்சா?"

"போச்சு."

"எத்தினி?"

"முப்பத்தியெட்டு."

அவன் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த போர்ட்டர் எட்டிப் பார்த்தான். "எண்ணி வெச்சிருக்கான் பாரு! முப்பத்தியெட்டாம்!" சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. நின்றதும் வேறு குரலில் கேட்டான்: "உன் தங்கச்சியைக் குடுக்கறியா, இல்லையா?"

"குடுக்கறேன்."

"அவளைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லே. நான் எடுத்திருக்க மாட்டேன்னுதானே அலசச் சொன்னா. தையிலே வெச்சிக்கலாம். ஆனா உன்கூட ஆத்துக்கு வரமாட்டேன். அதை மட்டும் கேக்காதே."

தையில் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் எல்லாப் பண்டிகைக்கும் வந்தான், என்னோடு ஒரே பந்தியில் சாப்பிட்டான், முன்னைப்போலவே கிண்டல் செய்தான். ஆற்றுக்கு மட்டும் என்னோடு வரவில்லை. தங்கையை அழைத்துக்கொண்டு போனான். இரண்டு பேரும் சீயக்காயில் கை கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டு போவார்கள். ஒரு ஞாயிறு கரையிலிருந்து பார்த்தேன். ஊற்றுக்குழியில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டை யாரும் சரியாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை எங்கள் வீட்டுக்குச் சீசாவைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள்.

"இன்னிக்கு எத்தினி?" என்றேன்.

"எண்ணலைண்ணா."

சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. எண்ணாமல், ஒன்றும் குறையவில்லை என்று இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.