கால்குலேட்டருக்குள் ஒரு வீரன்

சித்தி இறந்தபோது சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். மஞ்சள் காமாலை முற்றிப்போய் எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. அவர் விமானம் பிடித்து, திருப்பாலைக்குடிக்கு மேற்கே இருக்கும் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் சுடுகாட்டில் பால் தெளித்தும் முடித்திருந்தார்கள். அதன்பின் அவர் திரும்பிப் போகவில்லை. மிளகாய்க் கொல்லைப் பக்கமும் போகவில்லை. பிள்ளைகள் கிடையாது. எங்கள் வீட்டிலேயே இருந்தார். கொண்டுவந்த பெட்டியிலிருந்து அவர் வெளியே எடுத்த ஒரே பொருள், கணக்குக்குக் கோடு வரைந்து காட்டும் பெரிய கால்குலேட்டர். சிங்கப்பூரில் கூடத் தங்கியிருந்த பாலிடெக்னிக் பையன் கொடுத்ததாம்.

அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. சாம்பல் பூத்த திரையில் கொசு அளவில் ஒரு வீரன். அவன் காடு கடந்து, குகைக்குள் நுழைந்து, எதிரே வரும் பூதங்களோடு சண்டை போடவேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். சித்தப்பா வாசித்துத் தமிழில் சொல்வார். வீரனின் உயிருக்கு ஓர் எண் உண்டு. அதை அவர் ரத்தம் என்பார்.

"ரத்தம் கொறஞ்சிருச்சு தாயி. சத்திரத்துல படுத்து எந்திரிக்கட்டும். அப்பறம் குகைக்குப் போவோம்."

நான் நாலாம் வகுப்பு. பூதம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். சித்தப்பா யோசித்து யோசித்துத்தான் பட்டனை அமுக்குவார். ரத்தம் தீர்ந்தால் வீரன் செத்துப்போவான். திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவர் அவனை ஒருமுறைகூடச் சாகவிட்டதில்லை. சிங்கப்பூர்க்காரர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே பொழுதை ஓட்டுகிறார் என்று ஊரில் பேசிச் சிரித்தார்கள். அய்யாவும் அவரும் அண்ணன் தம்பி என்றாலும் நேருக்கு நேர் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ராமநாதபுரம் போய் வரும்போதெல்லாம் அய்யா பேட்டரி வாங்கி வருவார். அதை என் கையில்தான் கொடுப்பார்.

சித்தியின் முதல் வருஷத் திதிக்கு அய்யா, அம்மா, சித்தப்பா, நான் நால்வரும் இராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தத்தில் சித்தப்பா பிண்டம் கரைத்துவிட்டு வந்து நீலச் சட்டையை மாட்டிக்கொண்டார். அய்யாவும் அம்மாவும் இன்னும் தண்ணீரில் நின்றார்கள். துணிப்பைக்குக் காவலாகக் கரையில் நான் இருந்தேன். சித்தப்பா பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீயே வச்சுக்க தாயி. இந்தப் பய செத்துறாமப் பாத்துக்க."

"நீங்க எங்க போறீக?"

"டீ குடிச்சுட்டு வாரேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகுதான் திரையைப் பார்த்தேன். வீரன் குகை வாசலில் நின்றான். ரத்தம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. உள்ளே போனால் பூதம். திரும்பி நடந்தாலும் காட்டுக்குள் ஏதாவது வரும். அவர் வரட்டும் என்று விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அய்யாதான் முதலில் கரையேறி வந்தார். சித்தப்பா எங்கே என்றார். டீ குடிக்கப் போனதைச் சொன்னேன். என் மடியைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"இத ஏன் ஒங்கிட்டக் குடுத்தான்? என்ன சொன்னான்?"

சொன்னேன். அய்யா ஈரவேட்டியோடு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. டீக்கடை, கோயில் வாசல், மறுபடி டீக்கடை. கடைசியில் ஒரு வேன் டிரைவர் கேட்டார்: "நீலச் சட்டைக்காரரா? தனுஷ்கோடி வண்டியில தனியா ஏறுனாரே."

நாங்களும் ஒரு வேனில் ஏறினோம். மணலில் வண்டி தூக்கிப் போட்டுக்கொண்டே போனது. வளையல் பதியும்படி அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் கால்குலேட்டரைப் பட்டனில் விரல் படாமல் தூக்கிப் பிடித்திருந்தேன். பாதி வழியில் திரை சட்டென்று அணைந்தது. வீரன் செத்துவிட்டான் என்று நினைத்தேன். ஆன் பட்டனை அமுக்கினேன். வீரன் அங்கேயேதான் நின்றான்.

"அம்மா, சாகலம்மா!" என்று கத்திவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

இடிந்த கட்டடங்களைத் தாண்டிக் கடலோரத்தில் இறங்கினோம். அங்கே ஆட்கள் கரையில் வரிசையாக நின்று, கடலுக்குள் வளைத்துப் போட்டிருந்த வலையைக் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் நடுவில் நீலச் சட்டை. நெஞ்சுவரை நனைந்திருந்தது.

அய்யா வேட்டியை மடித்துக் கட்டினார். நேரே போய்ச் சித்தப்பாவுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தார். சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வலை கரையேறும்வரை நாங்கள் வெயிலில் நின்றோம்.

முன்னால் நின்ற பெரியவர் அய்யாவிடம் சொன்னார்: "ஒங்க ஆளா? ரொம்ப உள்ள போய் நின்னுக்கிட்டிருந்தாரு. அங்கன இழுப்பு சாஸ்தி. எங்களுக்கும் ஆளு பத்தல, வந்து ஒரு கை புடிங்கன்னு கூப்பிட்டோம். ரெண்டு மூணு வாட்டி கூப்பிட்டப்பறம் வந்தாரு."

அய்யா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சும்மா கூப்பிட்டதற்குப் போய் இப்படியா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மா சேலைத் தலைப்பால் சித்தப்பாவின் தலையைத் துவட்டினாள். "கொஞ்சம் எங்களயும் நெனச்சிருக்கலாம்ல தம்பி" என்றாள். எங்களை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்ற வந்ததற்குத்தான் கோபிக்கிறாள் என்று நினைத்தேன். அவர் தலை குனிந்து, "தப்புத்தான் மதினி" என்றார்.

நான் கால்குலேட்டரை நீட்டினேன்.

"செத்துட்டானா?" என்றார்.

"இல்ல சித்தப்பா. ஆன் பட்டனத் தவிர நான் ஒண்ணும் அமுக்கல. அங்கயே நிக்கிறான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் கோணிப்போயிற்று. "அமுக்காட்டி எப்புடித் தாயி அவன் முன்ன போவான்?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். சித்தி இறந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் அய்யா, சித்தப்பாவை ஜன்னலோரம் விடாமல் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கீழே கடல். அய்யா தம்பியின் சட்டை நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். விரல்கள் வெளுத்திருந்தன. எதற்கும் அஞ்சாத அய்யாவுக்குப் பாலம் என்றால் இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

முன்சீட்டிலிருந்து எட்டி, "பயப்படாதீக அய்யா, பாலம் விழுகாது" என்றேன்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அய்யா சரி என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார். பாலம் தாண்டி மண்டபமும் போய்விட்டது. அவர் கையை எடுக்கவே இல்லை.