செக்ரட்டரியின் நானூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ்

மும்பை திலக் நகரில் நான்காவது மாடியில் குடியிருக்கும் வேல்ராஜுக்குத் தினமும் காலையில் மனைவியின் கடிதம் ஒன்று உண்டு. மனைவி கீதா இறந்து இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. கடிதங்கள் அதற்கு முன்பே எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றுகூட அவருக்கென்று எழுதப்பட்டதில்லை.

"நாளை காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை தண்ணீர் வராது. முன்னதாகப் பிடித்து வைத்துக்கொள்ளவும்." "லிஃப்டில் சைக்கிள் ஏற்ற வேண்டாம்." "பால்கனியில் துணி பிழிபவர்கள் கீழே மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்கவும்." பாதி ஆங்கிலம், பாதி இந்தி. ஒவ்வொன்றின் அடியிலும் கீதா வேல்ராஜ், செக்ரட்டரி. ஒன்பது வருஷம் அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கமான சொசைட்டிக்கு அவள்தான் செக்ரட்டரி. எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போகும்படி மெயில் பட்டியல் ஒன்று வைத்திருந்தாள். வாட்ஸாப் வந்த பிறகும் அதை விடவில்லை. குரூப்பில் போட்டால் நோட்டீஸ் குட் மார்னிங் பூக்களுக்கு அடியில் போய்விடும் என்பாள்.

ஒரே வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தவர்கள் எதற்காகக் கடிதம் எழுதிக்கொள்ளப்போகிறார்கள்? போனில் 'பால் வாங்கி வரவும்' என்பதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் இல்லை. கீதா என்று ஒருத்தி வாக்கியம் வாக்கியமாக எழுதி விட்டுப்போனது இந்த நோட்டீஸ்கள் மட்டும்தான்.

அவள் உயிரோடிருந்தபோது வேல்ராஜ் அவற்றில் ஒன்றையாவது படித்தாரா என்று கேட்டால், இல்லை. வடாலாவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர். நாள் முழுக்க அடுத்தவர் மெயிலில் மாரடித்துவிட்டு வந்தால் வீட்டு மெயிலிலும் தண்ணீர் டேங்க் கழுவுகிற சேதி. எரிச்சலில் ஒரு விதி எழுதிவிட்டார்: இந்தப் பட்டியலிலிருந்து எது வந்தாலும் 'சொசைட்டி' என்ற ஃபோல்டரில் தள்ளு, என் கண்ணில் காட்டாதே. "நோட்டீஸ் பாத்தீங்களா?" என்று கீதா கேட்டால், தலையைத் தூக்காமல் "பாத்தேன், பாத்தேன்" என்பார்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப்போன மறுநாள் அந்த ஃபோல்டரைத் திறந்தார். மற்றவர்கள் எழுதிய பதில்களைத் தள்ளிவிட்டால் அவளுடையது மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் படிக்காதவை. அன்றிலிருந்து டீயோடு நாளுக்கு ஒன்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் ஒரு குரல் கேட்பது அந்த ஐந்து நிமிஷம்தான்.

இல்லை, இன்னொரு குரலும் உண்டு. பக்கத்து வீட்டு நஜிமுதீன். தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். தண்ணீர் நிற்கப்போகிற நாளில் காலை ஏழரைக்கு, பட்டறைக்குக் கிளம்புகிறபோது, வேல்ராஜ் வீட்டுக் கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைவார். "தண்ணி பந்த்! ஒம்பதுலேந்து தண்ணி பந்த்!" மாடியில் நான்கு வீடு இருக்க, இந்த ஒரு கதவுக்குத்தான் இந்த மரியாதை. கீதா இருந்த காலத்தில், நடைபாதையில் பை அட்டைப்பெட்டிகளை அடுக்குகிறார் என்று அவர்மேல் பதினோரு நோட்டீஸ் போட்டிருந்தாள். அந்த வன்மத்தில் மனுஷன் அவள் நோட்டீஸைப் போலவே கத்திச் செத்தவளைக் கேலி செய்கிறான் என்று வேல்ராஜ் முடிவு கட்டியிருந்தார். கதவைத் திறந்ததே இல்லை. "சரி சரி" என்று உள்ளிருந்தே கத்துவதோடு சரி.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறுதோறும் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் கிருமி தேடுவது வேல்ராஜின் வழக்கம். ஸ்கேனர் ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்து, கிருமி இருந்தால் பெயரைச் சொல்லும், அவ்வளவுதான். அன்றைக்கு ஆபீஸ் பென் டிரைவ் ஒன்றிலிருந்து பத்துப் பதினைந்து அழுக்கு ஃபைல் வந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக யார் அழிப்பது என்று, வரியின் கடைசியில் 'கண்டதை நீக்கு' என்கிற சொல்லையும் சேர்த்துத் தட்டிவிட்டு டீ போடப் போனார்.

அவருடைய பழைய பாணி மெயில் ஏற்பாட்டில் ஒரு ஃபோல்டர் என்பது ஒரே ஃபைல். அத்தனை கடிதமும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிய ஒரே சுருள். என்றைக்கோ சொசைட்டித் தலைவர் கேஷவ் எல்லோருக்கும் அனுப்பிய லிஃப்ட் ரிப்பேர் பில்லில் ஒரு கிருமி இருந்திருக்கிறது. அத்தனை நாள் தெரியாதது, புதிதாக வந்த கிருமிப் பட்டியலால் அன்று தெரிந்துவிட்டது. ஒரு கடிதத்தில் கிருமி என்றால் ஸ்கேனருக்கு முழுச் சுருளும் கிருமி. டீயோடு வந்து பார்த்தால் திரையில் இரண்டு வரி. சொசைட்டி: கிருமி இருக்கிறது. சொசைட்டி: நீக்கப்பட்டது.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. இதை வேல்ராஜுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெயில் ஃபோல்டர் பக்கம் அந்தச் சொல்லைப் போடாதே என்று ஆபீசில் எத்தனையோ பேரைத் திட்டியவர். பேக்கப் எடு, பேக்கப் எடு என்று ஊருக்கு உபதேசம் செய்பவரின் பேக்கப்பில் 'சொசைட்டி' மட்டும் கிடையாது. குப்பை எதற்கு என்று பல வருஷம் முன்பே அவரே விலக்கி வைத்திருந்தார். மெயில் பட்டியலை நடத்திய இலவச சேவையும் கடையைக் கட்டிவிட்டது. கீதாவின் சொந்த மெயில் கணக்கோ, இரண்டு வருஷம் யாரும் திறக்காததால் மூடப்பட்டுவிட்டது. மீட்கிற வித்தையெல்லாம் சாயங்காலம்வரை செய்து பார்த்தார். ஒரு வரிகூடத் திரும்பவில்லை. இரண்டாவது முறை சாகக் கொடுத்துவிட்டேனே என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். டீ ஆடை படிந்து கிடந்தது.

மறுநாள் லீவு போட்டார். நோட்டீஸ் போனது கட்டடம் முழுவதற்கும், யாரிடமாவது இருக்காதா? இரண்டு வருஷமாக லிஃப்டில்கூட முகம் கொடுக்காதவர், வீடு வீடாகப் போய் மணியடித்தார்.

இரண்டாம் மாடி மாலதி சிரித்துவிட்டாள். "தண்ணி வராத நோட்டீஸை யாராவது வெச்சுப்பாளா?" அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ... கீதா எழுதினதா? ஸாரி, வேல்ராஜ். எல்லாம் டிலீட் பண்ணிட்டேனே." கேஷவ், தன் போனே மூன்று தடவை மாறிவிட்டது என்று இந்தியில் சொல்லிக் கையை விரித்தார். பதினெட்டு வீடு ஏறி இறங்கியாயிற்று. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

மிச்சம் இருந்தது பக்கத்து வீடு. அந்தக் கதவின் முன் நிற்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் மணியடித்தார்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் நஜிமுதீன், ஏதோ தினமும் வந்துபோகிறவரைக் கூப்பிடுவதுபோல.

வேல்ராஜ் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். "உங்ககிட்ட இருக்காது, தெரியும் பாய். கேட்டுட்டுப் போலாம்னு..."

"ஏன் இல்லாம? எல்லாம் இருக்கு. ஒண்ணு விடல்ல."

"எல்லாமா?"

"சொசைட்டி ரெஜிஸ்ட்ரார் ஆபீசுல கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும்னுல்லா சேத்து வச்சேன். உங்க வீட்டம்மா மேலதான்." நஜிமுதீன் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "பெட்டி வச்சதுக்குப் பதினோரு நோட்டீசு! ஆத்திரம் வராதா? அப்பறம் குடுக்கல்ல. குடுக்க மனசு வரல்ல."

மகள் அஃப்ஷாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போடச் சொன்னார். அதை நீட்டும்போது ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார். "இதுல ஒண்ணு உங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு எழுதுனது. இனிமே என்ன இருக்கு. அதயும் சேத்துப் போட்டாச்சு."

வீட்டுக்கு வந்து வேல்ராஜ் முதலில் கறுப்புத் திரையைத் திறந்தார். பழக்கம் விடாது. அதே லிஃப்ட் பில், அதே கிருமி என்று ஸ்கேனர் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இந்தத் தடவை எதையும் நீக்கச் சொல்லவில்லை. கீதாவின் கடிதங்களை மட்டும் எண்ணினார். நானூற்றுப் பதின்மூன்று.

கூடுதலாக இருந்தது பட்டியலுக்குப் போகாத கடிதம். நஜிமுதீனுக்கு மட்டும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். தேதி, கீதா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்.

"பாய், பெட்டி விஷயமா கோவம் இருக்கும், மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு அட்மிட் ஆறேன். பத்து நாள்ல வந்துருவேன்னு டாக்டர் சொல்றாங்க. அதுவரைக்கும் ஒரு உதவி. எங்க வீட்டுக்காரங்க என் நோட்டீஸ் எதையும் படிக்க மாட்டாங்க. எங்கயோ தனியா ஒதுக்கி வச்சிருக்காங்க. எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. வீட்ல வாய்ல சொல்லிச் சொல்லித்தான் தண்ணி பிடிக்க வைப்பேன். அதனால தண்ணி நிக்கிற அன்னிக்கு மட்டும் கதவத் தட்டிச் சொல்லிருங்க. மெதுவாத் தட்டினா எந்திரிக்க மாட்டாங்க. நல்லாச் சத்தமாத் தட்டுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்."

பத்து நாளைக்குக் கேட்ட உதவி. வேல்ராஜ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அழுதார். தெரிந்தும் "நோட்டீஸ் பாத்தீங்களா?" என்று ஒன்பது வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாளே, அதற்கு இன்னும் அதிகம் அழுதார்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குக் கதவு அதிர்ந்தது.

"தண்ணி பந்த்! ஒம்பதுலேந்து..."

வேல்ராஜ் போய்க் கதவைத் திறந்தார். மறுபடி அறைய ஓங்கிய கையோடு நஜிமுதீன் நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுவரைக்கும் பாய்?"

"மூணு மணி வர."

வேல்ராஜ் தலையாட்டினார். நஜிமுதீன் லிஃப்ட் பக்கம் திரும்பினார்.

"பாய்" என்று கூப்பிட்டார் வேல்ராஜ். "இன்னொரு தடவ சொல்லுங்க."