அம்மன் தைத்த இலைகள்

இதை எழுத உட்கார்ந்து, தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று பேனாவை மூடி வைத்தே பல வருஷம் போய்விட்டது. நான் எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாவது படித்தபோது, அம்மன் கோயில் அன்னதானத்துக்கு பிளாஸ்டிக் தட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆலிலைகளை ஈர்க்குச்சியால் சேர்த்துத் தைக்க டீச்சர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு நாற்பது தையல் இலை. ஈர்க்கைத் தவிர வேறு எதுவும் கூடாது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆறு தைப்பதற்குள் விரல் வலித்தது. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாப்பா, ஒண்ணொண்ணா குத்திகினு கீற? எங்க லைன்ல நீ இருந்தா சூப்பர்வைசர் அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவான்."

சொல்லிவிட்டு ஸ்டேப்ளரைக் கையில் கொடுத்தார். அரை மணியில் மீதியும் முடிந்தது. ஸ்டேப்ளர் பின் தெரியாமலிருக்க, ஈர்க்கால் தைத்த ஆறையும் மேலே வைத்து, என் சிவப்பு ரிப்பனால் கட்டினேன். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கோயிலில் கொடுத்துவிடுவதாகச் சித்தப்பா எடுத்துப்போனார்.

அதற்கடுத்த நாள் அன்னதானம். சாப்பிட்ட இலையெல்லாம் கோயில் பசுவுக்குத்தான், பின் கின் உள்ளே போனால் வயிற்றைக் கிழித்துவிடும் என்று டீச்சர் அப்போதுதான் சொன்னார். பசு நிறைமாதச் சினை. தாயே, இந்த ஒரு தடவை காப்பாற்று என்று வேண்டிக்கொண்டே மடைப்பள்ளிக்கு ஓடினேன். சிவப்பு ரிப்பன் கட்டு அப்படியே இருந்தது. பிரித்தேன்.

பின் ஒன்றுகூட இல்லை. நாற்பதும் ஈர்க்கு. ஆனால் அடியிலிருந்ததெல்லாம் கோணல்மாணலான தையல். அம்மனுக்கு இந்த வேலை பழக்கமிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். சன்னதியில் விழுந்து கும்பிட்டேன். பசு இலைகளைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் மட்டும் அற்புதத்தைச் சொன்னேன். அவர் விரல்களில் துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, கம்பெனியில் பட்டுவிட்டது என்றார்.

"அம்மன் செஞ்சிருக்கும் பாப்பா. இனிமே அதுக்கு வேலை வெக்காத."

முந்தின நாள் இவன் ஷிப்டுக்கே போகவில்லையாம் என்று அடுப்படியில் அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் என் மகள் பள்ளிக்கு இலை தைக்கையில் ஸ்டேப்ளரை எடுத்தாள். சித்தப்பா சட்டென்று அவள் கையைப் பிடித்தார். அப்போதுதான் சொன்னார்: அன்று இலைக்கட்டைக் கொடுக்கப் போனவர், பசுவைப் பார்த்ததும் திரும்பி, ஏரிக்கரை ஆலமரத்தடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை தைத்தாராம்.

அம்மன்தான் வந்தாள் என்று இன்றைக்கும் சூடம் ஏற்றிச் சொல்வேன். நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். அந்தக் கோணல் தையலை மட்டும் நேராக்கிவிடாதீர்கள்.