எறும்புக்குப் போட்ட விருந்து

மகள் பிரசவத்துக்கு எங்கள் மலைக்கு வந்திருந்த சமயம், வீட்டில் சிவப்பெறும்பு ஏறிவிட்டது. சுவர் வெடிப்பிலிருந்து புறப்பட்டு, உத்தரத்தில் ஏறி, தூளிக் கயிறு வழியாகப் பிள்ளைமேல் இறங்கும். பிள்ளையின் தொடையில் தடிப்பைக் கண்டதும் மகள் அழுதுவிட்டாள்.

"இப்பிடியே இருந்தா நான் செங்கத்துக்கே போய்ட்றேம்மா. மாமியார் வூட்ல எறும்பு தொல்லை இல்ல."

பிள்ளை பிறந்து மூன்று மாதம்வரை என்னோடு இருப்பதாகச் சொல்லி வந்தவள்.

பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் மருந்துப்பொடி தூவக் கூடாது என்று, மலைக்கு வந்து பிள்ளையைப் பார்த்துப்போகும் நர்சம்மா சொல்லிவிட்டார். வெல்லப்பாகில் வெங்காரம் என்ற வெள்ளை உப்பைக் கொஞ்சமாய்க் கலந்து வெடிப்பின் ஓரம் வைத்தால், எறும்பு அதைக் கூட்டுக்குக் கொண்டுபோகும், கூட்டோடு ஒழியும் என்றார். என் வீட்டுக்காரர் செங்கத்தில் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிவந்தார்.

வைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. எறும்புக்கும் ஒரு வாய் கிடைக்கட்டும் என்றுதானே தினமும் வாசலில் அரிசிமாவுக் கோலம் போடுகிறேன்? அதே கையால் மருந்தா? 'முருகா, மன்னிச்சிடு' என்று கோலத்தைத் தடிமனாய்ப் போட்டு, நடுவில் ஒரு பிடி சர்க்கரையும் வைத்தேன். மறுநாளும் வைத்தேன். மருந்தை ஓர் எறும்பும் சீந்தவில்லை. தூளிக்கு வருவதும் நிற்கவில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்த நர்சம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். வெடிப்பிலிருந்து கோலம்வரை எறும்புச் சாரை.

"இன்னா பெரியம்மா, வாசல்ல கல்யாண விருந்து போட்டுட்டு, உள்ள வெச்சத திங்கலன்னா எப்பிடி?"

"எங்கம்மா எறும்புக்கு வளைகாப்பு பண்ணுது, நர்சம்மா" என்றாள் மகள் உள்ளேயிருந்து. பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பு அது.

வாசலைக் கழுவினேன். அன்றுமுதல் எறும்பு தின்னாத கல்மாவில் கோலம். அரிசிமாவைக் கொல்லைக்கு அப்பால் புளியமரத்தடியில் தூவினேன். அங்கிருக்கும் எறும்பும் முருகன் படைத்ததுதானே. பிறகு மருந்துமேல் எறும்பு மொய்த்தது. வீட்டுக்காரர் துடைப்பத்தை எடுத்தார்.

"தொடாதீங்க! கூட்டுக்குத் தூக்கினு போவட்டும்" என்று தடுத்தேன்.

சாரை நாளுக்கு நாள் மெலிந்தது. ஒரு காலை கயிற்றில் ஒன்றுகூட இல்லை. அதுவரை பிள்ளையை மடியிலேயே வைத்திருந்த மகள், தூளியில் போட்டுவிட்டு அதன் கீழேயே படுத்துத் தூங்கிப்போனாள். விளக்கேற்றிக் கும்பிட்டேன். பஸ் இல்லாத பாதையில் நடந்தே வந்த நர்சம்மாவுக்கும் சேர்த்து.

எழுந்ததும் மகள் கேட்டாள்: "பிள்ளைக்கு மூணாம் மாசம் மொட்ட போடணும்னு சொன்னியே, இங்கியே போட்டுடலாமா?"